கேச் அழித்தும் லாகின் பக்கத்துக்கே திரும்புகிறதா?

மூன்று முறை கேச் அழித்தும் அந்த ஒரு தளம் மட்டும் லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது, எல்லாவற்றையும் அழித்தால் பாஸ்வேர்டும் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். போகாது. குரோமில் அழிக்கும் பட்டியலில் பாஸ்வேர்டுக்குத் தனி டிக் இருந்தால், அதைத் தொடாதீர்கள்.

கேச் என்று நீங்கள் அழித்தது, பிரவுசர் சேமித்து வைத்த படங்களையும் கோப்புகளையும் மட்டும்தான். லாகினை நினைவில் வைப்பது குக்கீ, அதாவது தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல். அது கெட்டுப்போனால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் குக்கீயை மொத்தமாக அழித்தால் மற்ற தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். ஒரு தளத்துக்காக அது வீண் வேலை.

முதலில் இன்காக்னிட்டோவில் (பழைய குக்கீகள் இல்லாமல் திறக்கும் தனி விண்டோ) திறந்து பாருங்கள். அங்கே லாகின் ஆனால் கோளாறு குக்கீயிலோ, பிரவுசரில் நீங்கள் சேர்த்த துணைநிரலான எக்ஸ்டென்ஷனிலோதான். (இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் நீங்களாக அனுமதித்தால் தவிர ஓடாது.) அங்கேயும் ஆகவில்லை என்றால் பிழை பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான், எதை அழித்தும் பயனில்லை.

இன்காக்னிட்டோவில் லாகின் ஆகிவிட்டால், சாதாரண விண்டோவில் அந்தத் தளத்தின் டேப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதே தளத்தின் மற்ற டேப்களை மூடுங்கள். எஃப்12 அழுத்தி, திறக்கும் டெவலப்பர் டூல்ஸ் பலகையின் மேலே அப்ளிகேஷன் என்ற டேபைத் தேர்ந்தெடுங்கள். தெரியாவிட்டால் இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். இடப்பக்கம் ஸ்டோரேஜ், அதில் 'கிளியர் சைட் டேட்டா' பட்டன். குக்கீ, தளம் பிரவுசரில் வைத்திருக்கும் மற்ற தகவல் (லோக்கல் ஸ்டோரேஜ்), பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும் பின்னணி நிரலான சர்வீஸ் வொர்க்கர் எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். தளத்தில் அனுப்பாத வரைவு ஏதாவது இருந்தால் அதுவும் போகலாம், முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

பிறகும் அதே கதை என்றால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பானிலிருந்து தொடங்குங்கள்.