ஒரு மணி நேரம் கோலம் போடுகிறவளுக்குக் கவனக்குறைவா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சேட்டை கிடையாது. ஆனால் ஒரு பக்கம் வீட்டுப்பாடம் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. ரப்பர், டிபன் பாக்ஸ் என்று வாரம் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருகிறாள். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார் டீச்சர். மார்கழியில் ஒரு மணி நேரம் அசையாமல் சிக்குக் கோலம் போட்டவளுக்கு அது எப்படி இருக்கும்? மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாள் என்று கணவரும் பயப்படுகிறார்.

பதில்: 'கவனக்குறைவு' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இவர்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் சிரமம். பிடித்த வேலை என்றால் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. வகுத்தல் கணக்கு என்றால் மூன்றாவது வரியிலேயே நழுவிவிடும். அதனால் கோலத்தை வைத்து 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

ஓடி ஆடும் பையனை எல்லோரும் கவனிப்பார்கள். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண் குழந்தை 'நல்ல பிள்ளை, கொஞ்சம் மறதி' என்ற பெயரோடு பத்தாம் வகுப்புவரை போய்விடுவாள். உங்கள் டீச்சர் கெட்டிக்காரர்.

கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும். நான் முதலில் கேட்பது பள்ளி நோட்டுகளைத்தான். முதல் வரி முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவது வரியில் எழுத்து சரியும். கூட்டல் குறி போட்ட இடத்தில் கழித்திருப்பார்கள். கணக்கு தெரியும், குறியைத்தான் பார்க்கவில்லை. கண், காது, தூக்கம், ரத்தசோகை, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். குறட்டை விட்டு, சரியாகத் தூங்காத குழந்தையும் பகலில் இப்படித்தான் இருக்கும்.

இனிப்பாலோ உங்கள் வளர்ப்பாலோ இது வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரை. 'இவ அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான்' என்று கூட வந்த பாட்டி சொல்வார். அதை நான் குறித்துக்கொள்வேன். வளர வளரத் துறுதுறுப்பு குறையும், ஆனால் கவனச் சிக்கல் பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. முன் பெஞ்ச், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, 15 நிமிடத் துண்டுகளாக வீட்டுப்பாடம் என்று தொடங்கலாம். போதாவிட்டால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து உண்டு. தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து என்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் குழந்தை அடிமையாவதில்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது பார்ப்போம்.

குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது நோட்டுகளோடு பாட்டியையும் அழைத்துப் போங்கள்.