தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கதை எழுத வேண்டும் என்று பல வருட ஆசை. நோட்டு நோட்டாக வாங்கியும் எல்லாவற்றிலும் முதல் இரண்டு பக்கம்தான் இருக்கிறது. படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிடும், கிழித்துவிடுவேன். வீட்டில் அமைதியில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் எழுதலாம் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போடுகிறேன். நான் பத்தாவதுதான். எங்கள் பேச்சை எழுதினால் சிரிப்பார்கள். வடசென்னை என்றால் வெட்டுக்குத்துக் கதைதான் கேட்பார்கள், எனக்கு அது தெரியாது. மாமியார் படித்துவிட்டால் என்ன ஆவது என்று வேறு பயம். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தேவைதான். வயதையும் படிப்பையும் முதலில் முடித்துவிடுவோம். உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-ல். அப்போது அவருக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப்படிப்பையே முடிக்காத ஜெயகாந்தனுக்கு 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது கிடைத்தது. இந்த இரண்டு கவலையும் இனி வேண்டாம்.

தடைக்காலம் என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஐஸ் கம்பெனியில் வேலை குறையும், உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். படகு வேலை, வலை வேலை என்று ஆட்கள் வந்து போவார்கள், டீ போட்டு மாளாது. வருமானம் நின்ற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கேட்பார்கள். அந்த இரண்டு மாதத்திலா நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள்? ஒவ்வொரு வருஷமும் அது நடக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏலம் முடிந்து, லோடு போய், பில் புக்கை மூடுகிற நேரம் ஒன்று தினமும் இருக்குமே. அதில் இருபது நிமிஷம் போதும். அரைப் பக்கம் வந்தால் போதும். சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்குள்தானே இத்தனை வருஷமாக ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுகிறீர்கள்!

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தக் கிழித்த பக்கங்கள். எழுதுவதும் தீர்ப்புச் சொல்வதும் இரண்டு வேலை. நீங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் கதை என்பதே இன்னும் தொடங்கியிருக்காது. அதற்குள் அது நன்றாக இல்லை என்று எப்படித் தெரியும்? முதலில் எழுதுவது எல்லோருக்கும் மோசமாகத்தான் வரும். பேர்பெற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளிலும் அடித்தல் திருத்தல் நிறைய உண்டு, அச்சில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். அடுத்த கதையை எழுதும்போது முந்தின நாள் எழுதியதில் கடைசி வரியை மட்டும் பாருங்கள். மேலே போகாதீர்கள். முடிவு வரை போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வாரம் நோட்டைத் தொடாமல் வைத்திருந்து, அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள். ஒன்றை முடித்தவருக்குத்தான் அடுத்ததை எங்கே தொடங்குவது என்பது பிடிபடும். பத்துக் கதையைத் தொடங்கி விட்டவருக்கு அது பிடிபடாது.

இன்னொன்று கவனித்தேன். கதையின் ஒரு பகுதி என்று நீங்கள் அனுப்பிய தாளில் மாமியார் மருமகளிடம் "நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், உங்கள் சொந்த மாமியார் கேட்டதாக, "இந்நேரத்துல எங்கடி போயினுகீற?" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் படித்ததும் அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. முதலாவதில் ஆளே இல்லை. சிரிப்பார்கள் என்ற பயத்தில் உங்கள் மனிதர்களின் வாயை நீங்களே அடைத்துவிட்டீர்கள். சினிமாவில் நம் பேச்சைக் கேலிக்கு வைத்து வைத்து நமக்கே அது கேலி என்று தோன்றிவிட்டது. எனக்கு அதில் கோபமே உண்டு. அந்தப் பேச்சில்தான் காசிமேட்டில் சாவுக்கு அழுகிறார்கள், கடனுக்குக் கெஞ்சுகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள். அப்படியே எழுதுங்கள்.

வெட்டுக்குத்துக் கதை தெரியாதது நல்லதாகப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது நினைவிருக்கும். மீனவர்கள் பக்கெட்டிலும் கையிலும் எண்ணெயை அள்ளினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஆனால் அந்த வாரம் மீன்கூடையோடு போன பெண்ணிடம் வாடிக்கைக்காரர்கள் என்ன கேட்டார்கள், அவள் மீதி மீனை என்ன செய்தாள், ஐஸ் கடன் எப்படி அடைந்தது என்பதெல்லாம் உங்களைப் போல் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் பில் புக்கில் ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. வேறெங்கோ கதை தேட வேண்டாம்.

மாமியார் விஷயம் சுலபமில்லை, அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டுக்குடும்பத்தில் எழுதுகிற பெண்ணுக்கு உண்மையிலேயே விலை கொடுக்க நேரலாம். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டிய கட்டாயம் கதையில் கிடையாது. மாமியாரையும் தெருவிலுள்ள இன்னொரு கிழவியையும் சேர்த்து ஒரே ஆளாக்குங்கள். வயதை மாற்றுங்கள், வீட்டைத் திருவொற்றியூருக்குக் கொண்டுபோங்கள். மருமகள் பக்கம் மட்டும் நியாயம் இருக்கும்படி எழுதாதீர்கள். அந்த அம்மாவுக்கும் இளம் வயதில் ஒரு மாமியார் இருந்திருப்பார். எழுதி முடிக்கும்வரை நோட்டு கம்பெனி மேஜையிலேயே இருக்கட்டும். யாரிடமும் கதையைச் சொல்லவும் வேண்டாம். வாயால் சொல்லித் தீர்த்த கதையை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

முதல் கதை ஆறேழு பக்கம் இருந்தால் போதும். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு இதழுக்கு அனுப்புங்கள், புனைபெயரிலும் அனுப்பலாம். பிரசுரிக்காவிட்டால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள், பதிலே வராமலும் போகலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். அதற்குள் இரண்டாவது கதையில் பாதியாவது எழுதியிருங்கள்.