ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி

கேள்வி: என் கணவர் டெய்லர், வயது 38. ஸ்கூட்டரில் போனபோது பின்னால் வந்த கார் இடித்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் "வண்டி சறுக்கி விழுந்தது" என்று எழுதிவிட்டார்கள். இனி நஷ்டஈடு கிடைக்காது என்கிறார்களே?

பதில்: கிடைக்கும். ஏ.ஆர். பதிவேட்டில் டூட்டி டாக்டர் எழுதுவது, அருகில் நிற்பவர் சொன்னதைத்தான். விபத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். அதற்கு எதிராக நீங்கள் எதை வைக்கிறீர்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும். நஷ்டஈட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில், கிரிமினல் கோர்ட் போலச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை; இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். பின்னால் இடிபட்ட வண்டியில் பின்பக்க மட்கார்டும் நம்பர் பிளேட்டும் உள்ளே மடங்கியிருக்கும். வெறுமனே சறுக்கிய வண்டியில் ஹேண்டில் நுனியும் பக்கவாட்டும்தான் தேய்ந்திருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இந்த வித்தியாசம் பதிவாக வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன் ரிப்பேர் செய்தால் உங்கள் நல்ல சாட்சி ஒன்று போய்விடும். அதற்குள் நீங்களும் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். அருகில் உள்ள கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடும். இன்றே போய்க் கேளுங்கள். தூக்கிப்போனவரையும் சாட்சியாகக் கூப்பிடுங்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவரே விளக்கினால் அந்த வரியின் பலம் குறைந்துவிடும்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்து அனுப்பியிருந்தால், அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இரண்டுக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173(4) பிரிவு இடம் தருகிறது. புகார் தாமதமானதற்குக் காரணத்தை (ஆபரேஷன், ஐ.சி.யூ.) புகாரிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் ஒன்றை மட்டும் வைத்து நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். சிகிச்சை முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஊனச் சான்றிதழில் 40 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு வரும்?

பதில்: அந்த 40 எதற்கு என்று முதலில் பாருங்கள். கைக்கு 40 என்பதும் முழு உடலுக்கு 40 என்பதும் வேறுவேறு. அதைவிட முக்கியம், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது இதைத்தான்.

மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைப்போம். வருடத்துக்கு 1,80,000. சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. 36 முதல் 40 வயது வரை வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15, ஆக 37,80,000. வருமான இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 11,34,000 ரூபாய். 60 சதவீதம் என்று ஏற்றால் 22,68,000. மருத்துவச் செலவு, வலி, வேதனைக்கெல்லாம் தனித்தொகை.

வருமான இழப்பையே காட்டாமல் விட்டால் சதவீதத்துக்குச் சில ஆயிரம் என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, இந்தக் கையால் கத்திரியை அழுத்த முடியாது, மெஷினில் துணியை நேராகத் தள்ள முடியாது என்று சொல்வது மிக அவசியம். வருமானத்துக்கு ஆர்டர் நோட்டு, ஜிபே வரவு, பேங்க் பாஸ்புக் மூன்றையும் கொடுங்கள்.

கேள்வி: வருகிற தொகையில் 25 சதவீதம் வேண்டும் என்கிறார் வக்கீல். சரியா?

பதில்: சரியில்லை. தீர்ப்பைப் பொறுத்த கட்டணமோ, கிடைக்கும் தொகையில் பங்கோ பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. மொத்தக் கட்டணத்தை முன்பே பேசி எழுதி வாங்குங்கள். தொகை எழுதாத காகிதத்திலோ செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: என் தம்பியை இரவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் கையில் கட்டுடன் ரிமாண்ட் செய்தார்கள். ஏ.ஆர். காப்பியில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்றிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அங்கே இதற்கு இடமில்லை, காசு கொடுத்து வாங்கிய சேவைக்குத்தான் அந்தச் சட்டம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதுங்கள். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அடிப்படை உரிமை மீறப்பட்டதாக நேரடியாகப் போடும் மனு) போடலாம். காவல் மரணம் ஒன்றில் உச்ச நீதிமன்றம் ரிட் வழியாகவே 1993-இல் 1,50,000 ரூபாய் தரச் சொன்ன நீலாபதி பெஹரா வழக்கு அதற்கு அடித்தளம்.

ஆனால் ஆதாரம் இந்த வாரமே சேர வேண்டும். அடுத்த முறை தம்பியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, அடித்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்லி, அதைப் பதிவு செய்யக் கேட்கட்டும். ஜெயிலில் சேர்த்தபோது அங்குள்ள டாக்டர் எழுதிய காயக் குறிப்பைக் கோர்ட் மூலம் வரவழைக்கலாம். கைதானவரின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 53. வழுக்கி விழுந்தவருக்கு முதுகிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வராது. அந்தத் தடிப்புகள் மங்குவதற்குள் மறுபரிசோதனை கேளுங்கள்.

ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்குத் தேதி, நேரம் குறித்து ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதிவை 18 மாதம், எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையாமல், வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. கழிவறைக்கு வெளியிலும் கேமரா இருக்க வேண்டும் என்று அதே உத்தரவு சொல்கிறது. வழுக்கியதாகச் சொல்லும் நேரத்தில் அவர் அந்தக் கதவு வழியாக உள்ளே போனாரா, எப்படி வெளியே வந்தார் என்பது அதில் தெரிய வேண்டும். பதிவே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையும் மனுவோடு இணையுங்கள்.