கேரமில் கட்டைவிரலால் அடிப்பது தவறா?

கேள்வி: அலுவலகத்தில் கேரம் ஆடும்போது நான் கட்டைவிரலால் அடித்தால் ‘ஃபவுல்’ என்கிறார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறதா?

இல்லை. சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி எந்த விரலாலும் அடிக்கலாம், கட்டைவிரலும் சேர்த்தி. தள்ளக் கூடாது, சுண்ட வேண்டும். அந்தச் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே நம் சென்னையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் கோட்டுக்குக் கீழே, மடியை ஒட்டிக் கிடந்த காயைக் கட்டைவிரலால் பின்னுக்கு அடித்துப் போட்டிருப்பீர்கள், எதிரில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சென்னை வியாசர்பாடியில், எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் மன்றம் இருந்தது. கீற்றுக் கொட்டகை, போர்டுக்கு மேலே ஒற்றை பல்பு. பள்ளி விட்டதும் அண்ணன் அங்கே போய்விடுவான். பெண் பிள்ளைகள் வாசலோடு சரி. அதை யாரும் எழுதி மாட்டவில்லை, மாட்ட அவசியமும் இருக்கவில்லை. கட்டைவிரலுக்கும் அங்கே தடை. கேலி செய்கிறேன் என்று பழைய ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டிய இடத்தில் விதி கடுமையாகத்தான் இருக்கும்.

நான் கற்றது அடுப்படித் தரையில். மன்றத்தில் கழித்துப்போட்ட, ஒரு மூலை உப்பிய போர்டு. கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. அம்மா கூப்பிட்டால் பாதி ஆட்டத்தில் எழ வேண்டும், அதுவும் விதிதான். முதுகு சுவரில் முட்டும். கையைப் பின்னால் இழுத்து அடிக்க இடம் கிடையாது. கட்டைவிரல் அப்படித்தான் கைவந்தது. தூரத்துக் காய்க்கு முட்டி போட்டு எழும்பி அடிப்பேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு மகளிர் போட்டி. என் முதல் கட்டைவிரல் அடிக்கே எதிரில் இருந்த பெண் புகார் சொன்னாள். நடுவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை, “செல்லும், ஆடும்மா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த அடிக்கே நாற்காலியை விட்டு எழும்பினேன். ஃபவுல்! ஆடும்போது இருக்கையை விட்டு எழக் கூடாதாம். தரையில் வளர்ந்த உடம்புக்கு அது எங்கே தெரியும்? அபராதமாக, போட்ட காய் ஒன்று போர்டுக்குத் திரும்ப வந்தது. மறுபடி எழுந்தேன், மறுபடி வந்தது. 25க்கு 9 என்று தோற்றேன். கட்டைவிரலால் தோற்கவில்லை என்பதை அண்ணனுக்கு இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒன்றும் சாம்பியன் இல்லை, தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அதே வியாசர்பாடியிலிருந்து போன இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனார். 2024இல் காசிமா அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார், அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான்.

இப்போது இருக்கும் அடுக்குமாடியிலும் கேரம் போர்டு இருக்கிறது, பூட்டிய அறைக்குள். சாவி செயலாளரிடம். பத்து வயதுக்குக் கீழே தொடக் கூடாது, எட்டு மணிக்கு மேல் ஆடக் கூடாது, பவுடர் சிந்தினால் அபராதம். இத்தனையும் உட்கார்ந்து எழுதிய சங்கத்துக்கு, மூன்று வாரமாக நின்றுபோன லிஃப்டைப் பார்க்க நேரமில்லை. நான் நாலாவது மாடி.