எம்.சி.பி. விழவில்லையே, அப்புறம் என்ன பயம்? விடுதி, வாடகை அறைகளில் தீப் பாதுகாப்பு: கேள்வி பதில்

மாணவர் விடுதிகளிலும், கல்லூரிக்கு வெளியே வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீடுகளிலும் தீப் பாதுகாப்பு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கட்டடத் தீப் பாதுகாப்பு ஆய்வில் இருக்கும் உறுப்பினர் பதில் தருகிறார்.

கேள்வி: சார், ஒரு அறையில் மூன்று பேர். சுவரில் ஒரே ஒரு சாக்கெட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு பாக்ஸ். கெட்டில், அயர்ன் பாக்ஸ், மூன்று லேப்டாப் எல்லாம் அதில்தான். இதுவரை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழுந்ததில்லை. லோடு சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: சுவருக்குள் ஓடும் ஒயர் தாங்குகிறது என்பதைத் தவிர எம்.சி.பி. வேறு எதற்கும் சாட்சி சொல்லாது. உங்கள் பாக்ஸின் மெல்லிய ஒயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். 6 ஆம்பியர் பாக்ஸ் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

கணக்கு எளிது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட், 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். கெட்டில் மட்டுமே 1500 முதல் 2000 வாட் இழுக்கும், அயர்ன் பாக்ஸ் 1000. மூன்று லேப்டாப் சார்ஜரும் சேர்ந்து 200 வாட்டை ஒட்டித்தான் வரும். ஆக, லேப்டாப்பும் போனும் பாக்ஸில் இருக்கட்டும். சூடு பண்ணுகிற எதுவும் நேராகச் சுவர் சாக்கெட்டில், ஒரு நேரத்தில் ஒன்றுதான். 120 வோல்ட் நாட்டில் படிப்பவர்களுக்கு அதே வாட்டுக்கு ஏறக்குறைய இரு மடங்கு கரண்ட் ஓடும், இன்னும் கவனம் வேண்டும்.

லோடைவிட எனக்குப் பயம் லூஸ் காண்டாக்ட். பாக்ஸுக்குள் பாக்ஸ் செருகும்போது ஒவ்வொரு இணைப்பும் ஒரு சின்ன மின்தடை. தளர்ந்துபோன இடத்தில் அரை ஓம் இருக்கிறது, 8 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள்: அந்த ஒரு புள்ளியில் 32 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் முனையைப் பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்ததற்குச் சமம். கரண்ட் அளவு மீறவில்லை என்பதால் எம்.சி.பி. விழாது. மின்கசிவும் இல்லை என்பதால், கசிவைக் கண்டால் விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யும் விழாது. உங்கள் கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டில் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, பிடிக்க முடியாத சூடு, பழுப்பேறிய துளை, எரிந்த பிளாஸ்டிக் வாடை, சாக்கெட்டில் ஆடும் பிளக், இதில் எது இருந்தாலும் அந்தச் சாக்கெட்டையோ பாக்ஸையோ மாற்றியே ஆக வேண்டும். டேப் சுற்றுவது தீர்வல்ல. ஒயரைச் சுருட்டிக் கட்டி மெத்தைக்கு அடியில் தள்ளுவதும் கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

கேள்வி: வாளியில் போடுகிற ஹீட்டர் ராடை வார்டன் பறிமுதல் செய்துவிட்டார். அதில் தீ எப்படிப் பிடிக்கும், தண்ணீருக்குள்தானே இருக்கிறது?

பதில்: தண்ணீருக்குள் இருக்கும்வரை சரி. போட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் தண்ணீர் கொதித்து மட்டம் இறங்கும், அல்லது ராடு சாய்ந்து பிளாஸ்டிக் வாளியைத் தொட்டு உருக்கும். தண்ணீர் வழிந்தோடிய பிறகு ராடு சிவக்கும், பக்கத்தில் துண்டோ பிளாஸ்டிக்கோ இருந்தால் பற்றும். தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் பல ராடுகளில் கிடையாது. வார்டன் பக்கம்தான் நான்.

கேள்வி: எங்கள் வாடகை வீட்டில் சமைக்கும்போதெல்லாம் புகை அலாரம் அலறுகிறது. வெறுத்துப்போய் அதற்கு ஒரு சாக்ஸ் மாட்டி வைத்திருக்கிறோம். தப்பு என்று தெரியும், ஆனால் வேறு வழி?

பதில்: இருக்கிறது. அலாரம் அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குளியலறை வாசலில் இருந்தால் நீராவிக்கும் அடிக்கும். அலாரத்தின் உள்ளமைப்பிலும் விஷயம் இருக்கிறது. அயனி வகை, எரியும் தீயின் நுண்துகளுக்குச் சீக்கிரம் அடிக்கும். தாளிப்புப் புகைக்கும் அதே வேகத்தில் அடிக்கும். ஒளிமின் வகை, மெத்தையும் சோஃபாவும் கனலும்போது வரும் அடர்புகையை முன்னதாகப் பிடிக்கும், சமையல் தொந்தரவும் குறைவு. சமையலறைக்குப் பக்கத்தில் ஒளிமின் வகையை மாட்டச் சொல்லுங்கள். பல அலாரங்களில் சில நிமிடம் அடக்கி வைக்கும் பொத்தானும் உண்டு.

சாக்ஸை இன்றே கழற்றுங்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஸீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் போலண்ட் ஹால் விடுதியில் 2000 ஜனவரி 19 அதிகாலை பொது அறைச் சோஃபாவில் தீ பற்றி 3 மாணவர்கள் இறந்தார்கள். அலாரம் அடித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பொய் அலாரம் பலமுறை அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று படுக்கையிலேயே இருந்தவர்கள் பலர். தீயின் சூட்டில் தானே திறந்து கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. எல்லா விடுதிகளிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று அந்த மாநிலம் அதே ஆண்டு சட்டம் போட்டது.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்கிறது. பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்கும்; 10 ஆண்டு கடந்திருந்தால், பொத்தானுக்குக் கத்தினாலும்கூட, முழு அலாரத்தையும் மாற்ற வேண்டும். கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரோ அறை ஹீட்டரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும். அந்த வாயுவுக்கு வாடையும் இல்லை, புகை அலாரம் அதை உணராது.

கேள்வி: ஸ்பிரிங்க்ளர் என்றதும் ஞாபகம் வந்தது. யாராவது அறையில் புகைபிடித்தால் மொத்த மாடியும் நனைந்துவிடுமா?

பதில்: அதெல்லாம் சினிமா. ஸ்பிரிங்க்ளருக்குப் புகை தெரியாது, சூடுதான் தெரியும். சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். சூடேறிய அந்த ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை மட்டும் திறக்கும். ஆனால் துணி மாட்டும் ஹேங்கரை அதில் தொங்கவிட்டால் குமிழ் உடைந்து, வால்வை மூடும்வரை தண்ணீர் கொட்டும். அலமாரி மேல் பெட்டிகளை அடுக்கினால் தலைக்குக் கீழே 45 செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பரவாது.

கேள்வி: பழைய வீட்டின் மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தீ விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அறைக் கதவிலிருந்து தெருவரை ஒருமுறை நடந்து பாருங்கள், கண்ணை மூடிச் சுவரைத் தடவியபடி. எத்தனை கதவு குறுக்கே வருகிறது, ஒவ்வொன்றையும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா? பல வீடுகளில் கீழ் கேட்டை இரவில் ஓனர் பூட்டிச் சாவியைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். திருடனுக்காகப் போட்ட பூட்டு, தீ வரும் இரவில் உங்களைப் பூட்டிவைக்கும். உள்பக்கம் கைத்திருகால் திறக்கும் பூட்டு மாட்டினால் இரண்டு கவலையும் தீரும். இதற்குச் சம்மதிக்காத வீடு எனக்கென்றால் வேண்டாம்.

அடுத்து இரண்டாவது வழி. ஜன்னல் என்றால் ஆள் நுழைய முடிய வேண்டும். பிரிட்டன் கட்டட வழிகாட்டி நெறி ஓர் அளவு தருகிறது: திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது 45க்கு 74 செ.மீ. நிலையான இரும்புக் கம்பி இருந்தால் அது வெளிச்சத்துக்கான ஜன்னல்தான், வெளியேறும் வழி இல்லை. ஒரு சட்டத்தையாவது உள்ளிருந்து கருவியின்றித் திறக்கும் கம்பியாக மாற்றச் சொல்ல வேண்டும்.

பிறகு மாடிப்படி. படிக்குக் கீழே மீட்டர் போர்டு, அதன் பக்கத்திலேயே வண்டிகளும் பழைய மெத்தையும் என்றால், தீ தொடங்கும் இடமும் நீங்கள் ஓடவேண்டிய இடமும் ஒன்றே. தடுப்புச் சுவர் பிளைவுட்டா என்று தட்டிப் பாருங்கள். ஒரு அறையை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விடும் இடங்களில் நடு அறைக்கு ஜன்னலே இருக்காது.

கேள்வி: ஓனரிடம் இதையெல்லாம் கேட்டால் “வேற வீடு பாத்துக்கோ” என்கிறார். என்ன செய்வது?

பதில்: வாயால் கேட்காதீர்கள். புகைப்படத்தோடு, தேதி போட்டு, எது எங்கே பழுது என்று எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் கேட்காமல் பூட்டு, ஜன்னல் கம்பி, அலாரம் என்று மூன்றில் நில்லுங்கள். அசையவில்லை என்றால் தீயணைப்புத் துறைக்கோ உள்ளாட்சிக் கட்டடப் பிரிவுக்கோ எழுதலாம். நடுவில், அலாரத்தை நீங்களே வாங்கி மாட்டுங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

கேள்வி: தூங்கும்போது அறைக் கதவை மூட வேண்டும் என்கிறார்கள். மூடினால் கூடத்து அலாரம் கேட்காதே அக்காவுக்கு? அவள் இடி விழுந்தாலும் எழ மாட்டாள்.

பதில்: நல்ல கேள்வி. அதனால்தான் தூங்கும் அறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்தது வேண்டும். ஆனால் கதவு மூடியே இருக்கட்டும். நுரை மெத்தையும் சோஃபாவும் உள்ள இன்றைய அறை 3 முதல் 5 நிமிடத்தில் முழுவதும் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் நடந்த எரிப்புச் சோதனைகளில், திறந்த கதவுள்ள அறை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது மூடிய கதவுக்குப் பின்னால் 40 டிகிரியைக்கூட எட்டவில்லை. சாதாரணக் கதவுதான். விடுதித் தாழ்வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும் கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: நடு இரவு, அலாரம், அறைக்கு வெளியே புகை வாடை. வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: புறங்கையால் கதவையும் கைப்பிடியையும் தொடுங்கள். சூடில்லை என்றால் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். புகை லேசாக இருந்தால் குனிந்து தவழ்ந்து, சாவியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, படி வழியே இறங்குங்கள். லிஃப்ட் கூடாது. தாழ்வாரம் கறுப்பாக இருந்தால் போகவே போகாதீர்கள்: கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னல் பக்கம் நின்று தீயணைப்பு எண்ணை அழைத்து அறை எண்ணையும் மாடியையும் சொல்லுங்கள், வெளிச்சம் காட்டுங்கள். வெளியே வந்துவிட்டால் எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். யார் இன்னும் வரவில்லை என்பதை வந்திருக்கும் வீரர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை இரவில் கதவோரம் சார்ஜ் போடுகிறேன். நண்பனின் சார்ஜரும் என் வண்டிக்குப் பொருந்துகிறது.

பதில்: பொருந்துவதுதான் ஆபத்து. 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறினால் 42 வோல்ட், 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட். பிளக் ஒரே மாதிரி இருக்கும். பேட்டரியின் காப்புச் சுற்று பழுதாகியிருந்தால் மாறிய சார்ஜர் செல்களுக்குள் மிகையாக ஏற்றும், ஒரு செல் வெடித்து அடுத்ததைக் கொளுத்தும். கதவோரம் வைத்தால் உங்கள் வழியையே அடைக்கும். விழித்திருக்கும்போது, கடினமான தரையில், வழியை மறிக்காத இடத்தில், அந்தப் பேட்டரிக்குரிய சார்ஜரால் ஏற்றுங்கள். உப்பல், சீறல், வெள்ளை ஆவி தெரிந்தால் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். பவுடர் தீயணைப்பான் தழலை அடக்கினாலும் செல்லைக் குளிர்விக்காது. மணிக்கணக்கில் கழித்தும் மறுபடி பற்றும்.

கேள்வி: அறைக்கு ஒரு தீயணைப்பான் வாங்கலாமா? வாணலி எண்ணெய் பற்றினால் அதைத்தானே அடிக்க வேண்டும்?

பதில்: வாணலிக்கு மூடிதான் முதல் தீயணைப்பான். அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, முழுதாக ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் திரும்பப் பற்றும். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் ஏறக்குறைய 1700 மடங்கு நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். பவுடரை அருகிலிருந்து அடித்தாலும் எண்ணெய் தெறிக்கும்.

மற்றபடி 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் (திடப்பொருள், திரவம், வாயு மூன்றின் தீக்குமானது) தீயணைப்பான் ஒன்று, கதவுப் பக்கம் மாட்டலாம். அதன் அழுத்தமானி முள் பச்சையில் இருக்க வேண்டும். ஊசியை இழுத்து, 2 மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியைப் பார்த்து இடவலமாக அடியுங்கள். சுமார் 10 நொடியில் தீர்ந்துவிடும், சின்ன அறையில் பவுடர் மேகத்தில் கண்ணும் தெரியாது. குப்பைக்கூடை அளவைத் தாண்டிய தீயென்றால் அதைத் தொடாமலே கிளம்புங்கள்.