தக்காளி தின்னும் நாயும் பெயரில்லாத பொட்டலமும்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது நாட்டு நாய் இருக்கிறது. எடை 18 கிலோ. தக்காளி என்றால் அதற்கு உயிர். அதற்காகவே மொட்டை மாடியில் ஆறு பைகளில் தக்காளி போட்டிருக்கிறேன். அடியுரமாக எலும்புத்தூளும் புண்ணாக்கும் வைத்தேன். நாய் தானே பறித்துத் தின்கிறது. தக்காளிச் செடி நாய்க்கு விஷம் என்று பக்கத்து வீட்டம்மா பயமுறுத்துகிறார். இலை சுருண்டிருக்கிறது என்று உரக்கடையில் சொன்னேன். செடிக்கு ஒரு ஸ்பூன் வீதம் மண்ணில் கலக்கும்படி ஒரு குருணையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். போடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், இதற்கு மேல் படிக்காமல் முதலில் போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீட்டம்மா சொல்வதில் கால்வாசி உண்மை. தக்காளியின் இலை, தண்டு, பச்சைக் காய் ஆகியவற்றில் டொமாட்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அது குறைந்து, நன்றாகச் சிவந்த பழத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு வந்துவிடும். ஆகவே பழம் கொடுக்கலாம். உங்கள் நாயின் எடைக்கு நாளுக்கு நடுத்தர அளவில் ஒன்று போதும். கூடினால் வயிறு இளகும். மாடியைக் கழுவப்போவது நீங்கள்தான். ரசம், தொக்கு, சட்னி எதுவும் வேண்டாம். அவற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

இலையைக் கடித்த நாய் எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்த்துவிட்டேன். தக்காளி இலையால் செத்த நாயை என்னிடம் யாரும் தூக்கிவந்ததில்லை.

இதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்பீர்கள். உங்கள் பைகளில் இருப்பது நாட்டுத் தக்காளி என்று விற்கப்படும் பிகேஎம் 1 ஆக இருக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. பழம் சற்றுத் தட்டையாக, காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். அடிப்பாகம் சிவந்த பிறகும் தோள்பகுதி பச்சையாகவே நிற்பதுண்டு. அது பழமா, காயா? அடியில் சிவந்து, கைக்கு மெத்தென்று இருந்தால் பழம்தான். தோள்பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் கொடுங்கள். வெட்டுவதற்குள் விழுங்கிவிட்டால் பதற வேண்டாம். முழுக்கப் பச்சையாக, கல் போல இருந்தால் கொடுக்கக் கூடாது. ஆனால் நாய் உங்களைக் கேட்டா பறிக்கிறது? அதன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. பழத்தைப் பெரும்பாலும் மோப்பத்தால்தான் கண்டுபிடிக்கிறது. எனவே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். லேசாக நிறம் மாறியதுமே பறித்துச் சமையலறையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும்.

இனி அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன். அதைப் பிரித்துப் பார்க்காமலே சொல்கிறேன், அதில் பெயர் இருக்காது. பூச்சிக்கொல்லியைப் பிரித்துக் காகிதத்தில் கட்டி விற்கக் கூடாது. உறையில் மருந்தின் பெயர் வேண்டும். நச்சின் கடுமையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் ஒன்று வேண்டும். 1968ஆம் ஆண்டிலிருந்து பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. பொட்டலமும் இருக்கிறது. குருணை என்று இப்படிக் கொடுப்பது கார்போஃபியூரானாக இருக்கலாம். 2020 இறுதியோடு தடை செய்யப்பட்ட ஃபோரேட்டின் பழைய சரக்காகவும் இருக்கலாம். இரண்டும் நாயைச் சில மணி நேரத்தில் கொல்லக்கூடியவை. நீங்களோ அதே மண்ணில் எலும்புத்தூள் வைத்திருக்கிறீர்கள். நாய் அந்த வாசத்துக்குத் தோண்டும், குருணையையும் சேர்த்து நக்கும். அதோடு, மண்ணில் இட்ட இந்த மருந்தை வேர் உறிஞ்சிச் செடி முழுக்க ஏற்றிவிடும். அந்தப் பழத்தைத்தானே நீங்களும் ரசத்தில் போடுவீர்கள்?

எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிய நாயை மேசையில் கிடத்திவிட்டு, என்ன மருந்து என்று கேட்டால், "கடையில் கொடுத்தார்கள், வெள்ளையாக இருந்தது" என்பார்கள். இந்த வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. பெயர் தெரிந்தால் ஒரு நிமிடம்கூட வீணாகாது. தெரியாதபோது அறிகுறிகளை வைத்து ஊகிக்க வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பலாமே என்பீர்கள். முடிவு வரும்போது நாயைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும். வழியில் உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ ஊற்றிக்கொண்டு வராதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், காப்பாற்றியிருக்கக்கூடிய நாயும் போய்விடும்.

புண்ணாக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன புண்ணாக்கு? வேப்பம் புண்ணாக்கு என்றால் அதன் கசப்பே காவல். கலப்புப் புண்ணாக்கு என்று வாங்கியிருந்தால், அதில் ஆமணக்கும் இருக்கலாம். ஆமணக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. நாய்க்கு அந்த வாசம் பிடித்தும் போகும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் என்று நினைத்து அதற்கே வைத்தியம் நடந்த நாய்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு மண்புழு உரம் போடுங்கள்.

இலைச் சுருட்டலுக்கு வருவோம். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாக இருந்தால், அந்தச் செடியைக் குணமாக்க எந்த மருந்தும் இல்லை. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. நுனி இலை சிறுத்து, மஞ்சளித்து, மேல்நோக்கிக் குவிந்த செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடலாம், நாயின் வால் எட்டாத உயரத்தில். என் வீட்டு நாயின் வாலில் ஒட்டிய பொறியைக் கத்தரிக்கோலால்தான் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை விதைக்கும்போது, இலைச் சுருட்டலைத் தாங்கும் அர்கா ரக்ஷக் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

பொட்டலத்தைக் குப்பையில் போடாதீர்கள், தெருநாய் தின்னும். கடைக்கே எடுத்துப்போய், மருந்தின் பெயரை எழுதி ஒரு ரசீது கேளுங்கள். எழுத மாட்டார், பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்.