டிபார்ட்மென்ட் ஸ்டோர் வேலையில் ‘நச்சு நிர்வாகம்’ என்றால் என்ன?

பயத்தையும் அவமானத்தையும் வைத்தே ஆட்களை வேலை வாங்குவதுதான் நச்சு நிர்வாகம். வாடிக்கையாளர் முன்னாலேயே திட்டுவது, ஷிப்டைக் கடைசி நேரத்தில் மாற்றுவது, கேள்வி கேட்டவருக்குச் சம்பளம் குறையும்படி வேலை நேரத்தைக் குறைப்பது எல்லாம் இதில் சேரும்.

ஏன் இப்படி? விற்பனை இலக்கு மேலாளருக்கு மேலிடத்திலிருந்து வருகிறது. கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அவர் கையில் இல்லை. ஊழியர்களின் நேரம்தான் இருக்கிறது. அதனால் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. மாடியில் குழாய் உடைந்தால் கீழ்வீடுதான் நனையும், அதுபோல. அதற்காக அவர் கத்துவது நியாயமாகிவிடாது. நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். அப்புறம் புகார் கொடுக்கும்போது அதுதான் துணை.

கண்டிப்பான மேலாளர் எல்லோரும் நச்சு என்று நினைக்க வேண்டாம்: கண்டிப்பானவர் தவறைத் திருத்துவார், நச்சானவர் ஆளையே சிறுமைப்படுத்துவார்.